பல்லை எடுக்கும் முன்பே இம்ப்ளாண்ட் பற்றிப் பேசிவிடுங்கள்

"பல்லை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் இம்ப்ளாண்ட் எப்போது வைக்கலாம்?" இந்தக் கேள்வியை மூன்று பல் டாக்டர்களிடம் கேட்டால் மூன்று பதில் வரும். ஒருவர், எடுக்கிற அன்றைக்கே வைத்துவிடலாம் என்பார். இன்னொருவர் இரண்டு மாதம் போகட்டும் என்பார். மூன்றாமவர் ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார். கேட்டவருக்குத் தலை சுற்றும். இதில் யாரோ ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் மூன்று பதிலுக்கும் இடம் இருக்கிறது. ஒரே வாயில்கூட முன்பல்லுக்கு ஒரு கணக்கு, கடைவாய்ப் பல்லுக்கு வேறு கணக்கு. அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துவிட்டால் டாக்டர் சொல்லும் தேதிக்குக் காரணம் புரியும். என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

எனக்கு இது வெறுமனே படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்கு வருடம் விட்டுவிட்டேன். பல் எடுத்த அன்று, காலியாகும் இடத்தை என்ன செய்யப் போகிறோம் என்ற பேச்சே எழவில்லை. அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலி போனால் போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த நான்கு வருடத்தில் என் தாடைக்குள் என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. முன்பே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலில் இம்ப்ளாண்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பலர் அதைச் செயற்கைப் பல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது செயற்கை வேர். டைட்டானியத்தில் செய்த சின்னத் திருகு. பொதுவாக 3 முதல் 5 மி.மீ. தடிமனும் 8 முதல் 13 மி.மீ. நீளமும் இருக்கும். அது தாடை எலும்புக்குள் போய் உட்காரும். அதன் தலையில் ஓர் இணைப்புத் துண்டு, அதற்கு மேல் கேப். கண்ணுக்குத் தெரிவதும் மெல்லுவதும் அந்தக் கேப்தான்.

இந்தத் திருகு மரத்தில் ஏற்றிய ஆணி மாதிரி இறுக்கத்தால் மட்டும் நிற்பதில்லை. எலும்பே அதன்மேல் வளர்ந்து ஒட்டிக்கொள்கிறது. இதைக் கவனித்துச் சொன்னவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பெர் இங்வார் பிரானமார்க். 1952-ல் அவர் பல்லைப் பற்றி யோசிக்கவே இல்லை. எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருடைய தாடையில் முதன்முதலாக இந்த முறையில் பல் வேர்களை வைத்தார். 2006-ல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருடங்களுக்கும் மேலாக அவை பயன்பாட்டில் இருந்தன.

எலும்பு இப்படி ஒட்டிக்கொள்ள இரண்டு விஷயம் வேண்டும். திருகைச் சுற்றி உயிருள்ள எலும்பு இருக்க வேண்டும். முதல் சில வாரங்களுக்குத் திருகு அசையவே கூடாது. அசைந்துகொண்டே இருந்தால் எலும்புக்குப் பதிலாக நார்ச்சதை வளரும், இம்ப்ளாண்ட் ஆடிக் கழன்றுவிடும். சிக்கல் இங்கேதான். பல்லை எடுத்த இடத்தில் எலும்பா இருக்கிறது? அங்கே இருப்பது ஒரு குழி.

குழிக்குள் நடப்பது

பல் வெளியே வந்த சில நிமிடங்களில் குழி ரத்தத்தால் நிரம்பி, அந்த ரத்தம் உறைந்துவிடும். கருஞ்சிவப்பு நிறத்தில் ஜெல்லி மாதிரி இருக்கும் அந்தக் கட்டிதான் பின்னால் வரப்போகும் எலும்புக்கு அஸ்திவாரம். பஞ்சைக் கடித்துக்கொண்டிருங்கள், துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள், புகை பிடிக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லி அனுப்புவது இதைக் காப்பாற்றத்தான். கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போனால் உள்ளே எலும்பு வெறுமனே திறந்து கிடக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து, குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று ஏறி காதுவரை இழுக்கும். அப்படி ஆனால் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

எல்லாம் சரியாகப் போனால், முதல் வாரத்திலேயே அந்த ரத்தக்கட்டிக்குள் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் நுழைந்து, சிவந்த மென்மையான புதுச்சதை உருவாகத் தொடங்கும். ஈறு நான்கு புறமிருந்தும் நடுவை நோக்கி ஊர்ந்து வரும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் குழியின் வாய் மூடிவிடும். நாக்கால் தடவிப் பார்த்தால் சின்னப் பள்ளம் மட்டும் தெரியும். ஆறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வது இந்த நாளைத்தான். கீழே வேலை பாதிகூட முடிந்திருக்காது. முதலில் வலைபோல ஒழுங்கில்லாத இளம் எலும்பு வருகிறது. இரண்டு மூன்று மாதத்தில் அது குழியின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். அது இறுகி, அடுக்கடுக்கான முதிர்ந்த எலும்பாக மாற இன்னும் பல மாதங்கள் ஆகும்.

இதுவரை கேட்டால், அப்படியானால் ஆறு மாதம் காத்திருந்து நல்ல எலும்பில் வைப்பதுதானே புத்திசாலித்தனம் என்று தோன்றும். பிரானமார்க் காலத்து முறையும் அதுதான். பல் எடுத்துவிட்டுப் பல மாதம் காத்திருப்பார்கள். இம்ப்ளாண்டை வைத்து ஈறை மூடித் தைத்துவிடுவார்கள். கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் தொடாமல் விடுவார்கள். அதன் பிறகுதான் பல். கணக்குப் போட்டால் ஒரு வருடத்துக்கும் மேலே போகும்.

ஆனால் குழி உள்ளே நிரம்பிக்கொண்டிருக்கும் அதே மாதங்களில் வெளியே இன்னொரு வேலையும் நடக்கிறது. அந்த இடத்துத் தாடை வற்றுகிறது. பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. குழியின் உட்சுவரில் இருக்கும் எலும்பு அந்தப் படலத்தை நம்பித்தான் வாழ்கிறது. பல் போனால் படலமும் போகும், அந்த எலும்புக்கு இனி வேலை இல்லை, உடம்பு அதைக் கரைத்துவிடும். இதில் அதிகம் அடிபடுவது கன்னத்தையும் உதட்டையும் பார்த்த வெளிச்சுவர். மேல் முன்பற்களில் அந்தச் சுவர் பெரும்பாலானவர்களுக்கு 1 மி.மீ. தடிமன்கூட இருக்காது. மேல் உதட்டைத் தூக்கி, முன்பல்லின் ஈறை விரலால் மேல்நோக்கித் தடவிப் பாருங்கள், வேரின் மேடு லேசாகத் தட்டுப்படும். அந்த மேட்டுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் இருப்பது ஈறும், அதன் அடியில் முட்டை ஓடு மாதிரி ஓர் எலும்புத் தகடும் மட்டுமே.

அந்தத் தகடு கரைந்துவிட்டால் ஈறும் கூடவே உள்வாங்கிவிடும். கடைவாய்ப் பகுதிப் பற்களை எடுத்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளியானது. தாடை மேட்டின் அகலம் சராசரியாகப் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது. இந்த ஒரு கணக்கை மறக்காமல் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும். சீக்கிரம் வைத்தால் பிடிமானத்துக்கு எலும்பு போதாமல் போகலாம். தாமதித்தால் பிடிமானம் கிடைக்கும், ஆனால் இடம் சுருங்கிவிடும். டாக்டர் சொல்லும் தேதி இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் தாடைக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்வது.

நான்கு காலங்கள்

ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்த, 2003-ல் சுவிட்சர்லாந்தின் குஷ்டாட் நகரில் கூடிய நிபுணர்கள் இம்ப்ளாண்ட் வைக்கும் நேரத்தை நான்காகப் பிரித்தார்கள். பல் எடுக்கும் அன்றே வைப்பது முதலாவது. ஈறு மூடியபின், 4 முதல் 8 வாரத்துக்குள் வைப்பது இரண்டாவது. குழிக்குள் ஓரளவு எலும்பு வந்தபின், 12 முதல் 16 வாரத்துக்குள் வைப்பது மூன்றாவது. குழி முழுக்க ஆறியபின், ஆறு மாதத்துக்கு மேல் வைப்பது நான்காவது. இன்றும் இந்தப் பிரிவைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

அன்றைக்கே வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். விளம்பரங்களில் அதிகம் வருவதும், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வசதி என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: ஒரே ஊசி, ஒரே அறுவை, பல மாதக் காத்திருப்பு மிச்சம். ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. குழியின் வெளிச்சுவர் முழுதாக இருக்க வேண்டும். சீழ் வடியும் தொற்று இருக்கக் கூடாது. வேரின் நுனிக்கு அப்பால் 3, 4 மி.மீ.யாவது நல்ல எலும்பு மிச்சம் இருக்க வேண்டும்; ஏனென்றால் திருகு பிடிக்கப்போவது அங்கேதான். குழியின் வடிவம் வேறு, திருகின் வடிவம் வேறு. பல் வேர் சாய்ந்தும் நீள்வட்டமாகவும் இருக்கும், திருகோ உருண்டை. அதனால் சுற்றிலும் இடைவெளி விழும்.

இதைச் செய்யும் கை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பல்லை ஆட்டி ஆட்டி வெளிப்பக்கம் நெம்பி எடுக்க மாட்டார்கள். அப்படி எடுத்தால் மெல்லிய வெளிச்சுவர் உடைந்து பல்லோடு வந்துவிடும். வேரைச் சுற்றியுள்ள நார்களை மெல்லிய கத்தி போன்ற கருவியால் ஒவ்வொன்றாக அறுத்து, பொறுமையாகத் தளர்த்துவார்கள். தேவைப்பட்டால் பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி எடுப்பார்கள். குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். அப்புறம் மழுங்கிய முனையுள்ள ஒரு கம்பியை உள்ளே விட்டு, வெளிச்சுவரைத் தடவிக்கொண்டே போவார்கள். கம்பி எங்காவது எலும்பில்லாமல் மெத்தென்று அமுங்கினால், அங்கே சுவர் இல்லை என்று பொருள். ஸ்கேனில் எல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தாலும், இந்தத் தடவலில் திட்டம் மாறிவிடுவது உண்டு. மாற்றுகிற டாக்டர்மேல் கோபப்படாதீர்கள், அவர் நல்ல டாக்டர்.

சுவர் நன்றாக இருந்தால், திருகைக் குழியின் நடுவில் விடாமல் அண்ணப் பக்கம், அதாவது உட்பக்கச் சுவரை ஒட்டி இறக்குவார்கள். வெளிச்சுவருக்கும் திருகுக்கும் நடுவே விழும் இடைவெளியில் எலும்புத் துகள்களை நிரப்புவார்கள். திருகு எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதை முறுக்கு விசையில் அளப்பார்கள். 35 நியூட்டன் சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் அதன்மேல் தற்காலிகப் பல் வைப்பதைப் பற்றிப் பலர் யோசிக்கவே செய்வார்கள்.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிட வேண்டும். அன்றைக்கே இம்ப்ளாண்ட் வைப்பது ஒன்று, அன்றைக்கே பல் கட்டுவது இன்னொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடக்கும் என்று உறுதி இல்லை. முன்பல்லில் தற்காலிகப் பல் கட்டினாலும், எதிர்ப்பல் அதன்மேல் இடிக்காதபடி கொஞ்சம் குட்டையாகத்தான் கட்டுவார்கள். அது சிரிப்பதற்கான பல், கடிப்பதற்கு இல்லை. அடுத்த குழப்பம், உடனே இம்ப்ளாண்ட் வைத்தால் எலும்பு கரையாது என்ற நம்பிக்கை. எடுத்த பல்லின் நார்ப்படலம் போய்விட்டது, திருகு அதைத் திருப்பிக் கொண்டுவராது. எனவே வெளிச்சுவர் கரைவது கரைந்துகொண்டுதான் இருக்கும். திருகை உள்ளே தள்ளி வைப்பதும் துகள்களை நிரப்புவதும் அந்த இழப்பை ஈடுகட்டத்தான். இதைக் கவனிக்காமல் வெளிச்சுவரை ஒட்டி வைத்துவிட்டால், சில வருடத்தில் ஈறு இறங்கி உலோகத்தின் சாம்பல் நிழல் தெரியத் தொடங்கும். முன்பல்லில் இதைச் சரிசெய்வது மிகவும் கஷ்டம். உடனே வைக்கும் இம்ப்ளாண்டுகள் பெரும்பாலும் நன்றாகவே நிலைக்கின்றன. ஆனாலும் ஆறிய எலும்பில் வைப்பதைவிடத் தோல்வி சற்று அதிகம் என்றே ஆய்வுகளின் தொகுப்புகள் சொல்கின்றன.

அதனாலேயே முன்பல்லுக்குப் பல அனுபவசாலிகள் இரண்டாவது காலத்தை விரும்புகிறார்கள். ஆறு முதல் எட்டு வாரம் காத்தால் ஈறு முழுக்க மூடியிருக்கும். தைத்து மூட நல்ல சதை கிடைக்கும். பல்லின் அடியில் சீழ்க்கட்டி இருந்திருந்தால் அதுவும் வடிந்து ஆறியிருக்கும். தாடையின் அகலமோ இன்னும் பெரிதாகக் குறைந்திருக்காது. எனக்கு இந்தக் காலம்தான் மிக நியாயமானதாகத் தெரிகிறது. இரண்டு மாதம் என்பது யாராலும் பொறுக்க முடிகிற காலம், அவசரத்தின் ஆபத்தும் இல்லை. குழிக்குள் எலும்பு இன்னும் இளசாகத்தான் இருக்கும் என்பதால் நுனியில் பிடிமானம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைவாய்ப் பற்களுக்கு மூன்றாவது காலம் பொருந்தும். அவற்றுக்கு இரண்டு மூன்று வேர்கள். எடுத்தபின் இருப்பது ஒரு பெரிய பள்ளம். மூன்று நான்கு மாதத்தில் அது நிரம்பியபின் நடுவில் நேராக இறக்குவது எளிது. முன்பல் மாதிரி அரை மில்லிமீட்டர் ஈறுக்கெல்லாம் அங்கே யாரும் கவலைப்படுவதில்லை.

ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடுவது, தள்ளிப்போட்டே ஆக வேண்டிய காரணம் இருந்தால் மட்டும். தாடையில் பெரிய நீர்க்கட்டி இருந்து எலும்பைத் தின்றிருந்தால், விபத்தில் தாடை உடைந்திருந்தால், உடல்நிலை சரியாகக் காத்திருக்க வேண்டியிருந்தால் வேறு வழி இல்லை.

குழியைக் காப்பாற்றி வைப்பது

உடனே வைக்கவும் முடியாது, சீக்கிரம் வைக்கவும் வாய்ப்பில்லை என்றால் என்ன செய்வது? பல் எடுத்த அன்றே குழிக்குள் எலும்புத் துகள்களைத் திணித்து, மேலே மெல்லிய சவ்வு ஒன்றை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அந்தத் துகள்கள் மாட்டு எலும்பிலிருந்து பதப்படுத்தியவையாகவோ, தானமாகக் கிடைத்த மனித எலும்பாகவோ, செயற்கையாகச் செய்தவையாகவோ இருக்கலாம். உணவு, மத நம்பிக்கை சார்ந்து உங்களுக்கு இதில் விருப்பு வெறுப்பு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், மாற்று இருக்கிறது. இந்தத் துகள்கள் சாரம் கட்டியது மாதிரி நின்று, புது எலும்பு ஏறி வர இடம் கொடுக்கும். தாடை வற்றுவதை இது முழுக்க நிறுத்தாது, குறைக்கும். நிரப்பியபின் இம்ப்ளாண்டுக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, இதைச் செய்கிற நாள் பல் எடுக்கும் நாள். மூன்று மாதம் கழித்துப் போய், குழியைக் காப்பாற்றுங்கள் என்று கேட்க முடியாது. அப்போது காப்பாற்றக் குழியே இருக்காது. நான் தவறவிட்டது இதைத்தான்.

எந்தப் பல் என்பதும் கணக்கில் வரும்

மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. சில பற்களின் வேர் நுனி அதன் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பல் போனபின் சைனஸ் கீழ்நோக்கி விரிகிறது, எலும்பு கீழிருந்தும் குறைகிறது. இரண்டு பக்கமும் அரித்து, சில வருடம் கழித்துப் பார்த்தால் திருகு நிற்க 3, 4 மி.மீ. எலும்புதான் மிச்சம் இருக்கும். அப்போது சைனஸின் தரையை மெதுவாகத் தூக்கி, அடியில் எலும்புத் துகள் வைத்து, பெரும்பாலும் பல மாதம் காத்து, அப்புறம்தான் இம்ப்ளாண்ட். மேல்தாடையின் பின்பகுதி எலும்பு இயல்பிலேயே மென்மையானது. அங்கே பொறுமை கூடுதலாக வேண்டும்.

கீழ்த்தாடையில் சைனஸ் தொல்லை இல்லை, எலும்பும் கெட்டி. ஆனால் அதன் உள்ளே கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஓடுகிறது. திருகின் நுனி அதிலிருந்து குறைந்தது 2 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். உயரம் வற்றிவிட்ட தாடையில் அந்த 2 மி.மீ. கிடைப்பதே பாடு. முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். சாதாரண எக்ஸ்ரேயில் அகலம் தெரியாது. கடைசியில் இருக்கும் ஞானப்பல்லை எடுத்தால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். அந்த இடத்தை அப்படியே விட்டுவிடலாம்.

பல்லைவிட்டு, ஆளைப் பார்க்கும்போது மாறுகிற கணக்கும் உண்டு. புகை பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்த ஓட்டம் குறைந்து ஆறுவது தாமதமாகும், தோல்வியும் அதிகம். சர்க்கரை நோய் இருப்பதாலேயே இம்ப்ளாண்ட் கூடாது என்றில்லை. மூன்று மாத சராசரி கட்டுக்குள் வந்தபின் வைப்பது நல்லது. எலும்புத் தேய்மானத்துக்காகவோ, புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காகவோ மாத்திரை, ஊசி எடுத்துக்கொள்பவர்கள் பல் எடுப்பதற்கு முன்பே கட்டாயம் சொல்ல வேண்டும். அலென்ட்ரோனேட், சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்றவை தாடை எலும்பு ஆறுவதையே பாதிக்கக்கூடியவை. அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்தவும் கூடாது. பல் டாக்டரும் அந்த மருந்தை எழுதிக் கொடுத்த டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வளரும் பிள்ளைகள் விஷயம் தனி. விளையாடும்போது விழுந்து பதினான்கு வயதில் முன்பல் போய்விட்டால் பெற்றோர் பதறுவது இயல்பு. ஆனால் அப்போது இம்ப்ளாண்ட் வைக்கக் கூடாது. தாடை வளரும்போது மற்ற பற்கள் அதோடு சேர்ந்து நகரும். இம்ப்ளாண்ட் எலும்போடு ஒட்டிவிட்டதால் நகராது. சில வருடத்தில் அந்த ஒரு பல் மட்டும் மேலே ஏறிக் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி நின்றது உறுதியாகும்வரை, பெரும்பாலும் இருபது வயது தாண்டும்வரை, கழற்றி மாட்டும் பல்லோ பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் சிறகுப் பாலமோ போதும். பெரியவர்களும் காத்திருக்கும் மாதங்களில் பொக்கையாகத் திரிய வேண்டியதில்லை. இதே வழிகள் அவர்களுக்கும் உண்டு. கழற்றி மாட்டும் பல் ஆறும் குழியை அழுத்தாமல் இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்த பிறகும் ஒரு காத்திருப்பு

இம்ப்ளாண்ட் வைத்த அன்று அது கெட்டியாக இருக்கும். திருகின் இறுக்கம் அது. பிறகு உடம்பு சுற்றியுள்ள பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்துப் புதிதாகக் கட்டுகிறது. பழைய பிடி தளர்ந்து புதுப் பிடி முழுதாக வராத இடைவெளி ஒன்று வரும், ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை. ஆபத்து என்னவென்றால் அப்போது வலி, வீக்கம் எல்லாம் போயிருக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்தப் பக்கம் கடினமானதைக் கடித்துவிடுவோம். வலிக்காததை வைத்து முடிவு செய்யாதீர்கள், டாக்டர் சொன்ன நாள்வரை எதிர்ப்பக்கத்திலேயே மெல்லுங்கள். இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். இப்போது வரும் சொரசொரப்பான மேற்பரப்புள்ள திருகுகளில், நல்ல எலும்பாக இருந்தால், ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கேப் கட்டிவிடுகிறார்கள். எலும்புத் துகள் நிறைய வைத்திருந்தால் அதற்கு மேலும் ஆகும்.

சரி, ஏற்கெனவே பல வருடம் ஆகிவிட்டவர்களுக்கு? நாள் கடந்துவிட்டதால் இம்ப்ளாண்ட் முடியாது என்று எதுவும் இல்லை. கூடுதல் வேலை இருக்கும். என் நிலைமையில், பின்னால் இருந்த பல் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. மேலே இருந்த எதிர்ப்பல் இடிக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கியிருந்தது. தாடை மேடு கத்தி முனைபோல ஒடுங்கியிருந்தது. சாய்ந்த பல்லைக் கம்பி போட்டு நிமிர்த்தி, எலும்பு வைத்து அகலப்படுத்தி, ஆறும்வரை காத்து, அதன்பிறகே திருகு வைத்தார்கள். இம்ப்ளாண்ட் வைத்த வேலை அரை மணி நேரம்தான். அதற்கு இடம் தயார் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அதற்குப் பிறகு என் அக்காவுக்கு மேல் சிறு கடைவாய்ப் பல் ஒன்று நெடுக்காக விரிசல் விட்டுவிட்டது. காப்பாற்ற வழியில்லை, எடுத்துவிடலாம் என்றார்கள். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லி எழுதிக் கொடுத்து அனுப்பினேன். இந்த இடத்தில் பின்னால் இம்ப்ளாண்ட் வேண்டும் என்றால் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும்? வெளிச்சுவர் எப்படி இருக்கிறது? அது உடைந்திருந்தால் உங்கள் அடுத்த திட்டம் என்ன? டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, முதலில் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். விரிசல் பக்கம் வெளிச்சுவரில் குறுகலான ஒரு பிளவு தெரிந்தது. எனவே அன்றே வைக்கும் யோசனையை விட்டார்கள். பல்லை இரண்டாகப் பிளந்து மெதுவாக எடுத்து, எட்டாவது வாரம் ஈறு மூடியிருந்ததைப் பார்த்துத் திருகை வைத்து, பிளவு இருந்த இடத்தில் மட்டும் துகள் நிரப்பினார்கள். ஐந்தாவது மாதம் அக்கா அந்தப் பல்லால் மெல்லத் தொடங்கிவிட்டாள்.